பதினொன்றாம் நம்பர் சீனர்

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் அங்கே போனதும் இல்லை. ஆனால் அந்த மாகாணத்தின் மலை எப்படிக் கடல்வரை இறங்கி வந்து நிற்கும், வயல் போட இடமில்லாமல் அந்த ஜனங்கள் எப்படித் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் போனார்கள், கரையில் இருப்பவர்கள் கடலோடிகளைக் காப்பாற்றும் ஒரு பெண் தெய்வத்தை எப்படிக் கும்பிடுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு என் சொந்த ஊர் வாய்க்கால்களைப் போல மனப்பாடம். இத்தனையும் எனக்குத் தெரிய வந்தது ஒரே ஒரு கல்லறையால். அதைத் தெரிந்துகொண்டதற்காக நான் வருத்தப்பட்டதும் உண்டு.

எனக்கு ஊர் பாலக்காட்டில் கோயம்புத்தூரை ஒட்டின நல்லேப்பிள்ளி. நெல் வயல். எழுபதுகளின் ஆரம்பத்தில் அண்ணன்மாரோடு பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்டு, கட்டின வேட்டியோடு என்பார்களே, அப்படியே கிளம்பி இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மூக்கின் மேல் கோபம். கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லாரும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் மலையேறியவர்களின் வழிவந்தவர்கள். நான் வாயைத் திறந்து "ஏனுங்க" என்றால் போதும், வரிசை முழுக்கச் சிரிப்பு கிளம்பும். "ஏனுங்க சார் வாராரு" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவும் சொல்வார்கள்.

தோட்டத்தில் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு நம்பர். என் பொறுப்பில் இருந்தது பதினொன்று. அதன் மேல்முனையில், சரிவு ஒடுங்கும் இடத்தில், அந்தக் கல்லறை இருந்தது. நம் ஊர்ச் சமாதி மாதிரி மேடாக இருக்காது. பின்னால் வளைந்த ஒரு கல் சுவர். இரண்டு பக்கமும் அது தாழ்ந்து தாழ்ந்து முன்னால் நீண்டு வரும். நடுவில் கொஞ்சம் தரை. ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியிருப்பது போலத் தோன்றும். பெண்கள் அதைச் 'சீனர் மடி' என்றார்கள். முதல் தேயிலை நட்ட காலத்தில், கொழுந்தை வாட்டவும் உருட்டவும் தெரிந்த ஒரு சீனரைக் கப்பலில் கூட்டிவந்தார்களாம். வந்தவர் திரும்பிப் போகவில்லையாம். கதை அவ்வளவுதான்.

மடியைச் சுற்றி ஏழு தேயிலைச் செடிகள். அவற்றைச் செடி என்பது தப்பு. இடுப்பளவில் கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும் என்பது மலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஏழும் இரண்டாள் உயரத்துக்கு வளர்ந்து, குளிர் மாதங்களில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. யாரும் கத்தி வைத்ததில்லை. அது போதாதென்று, காலையில் பறிக்கத் தொடங்குமுன் ஒவ்வொருத்தியும் முதல் கைக் கொழுந்தைக் கூடையில் போடாமல் அந்த மடியில் கொண்டுபோய் வைப்பாள். வைத்த பிறகுதான் கூடைக்கு.

எனக்கு இது பிடிக்கவே இல்லை. நல்ல கொழுந்து அங்கே வாடிக் கருகிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கி வளர்ந்தவன் நான். அதிலும் ஒரு அக்கா இரண்டு கை வைப்பார். ஐம்பது வயது கடந்தவர், ஒல்லி, வரிசையிலேயே விரைவான கை. இன்னும் சில வருடத்தில் வேலையிலிருந்து ஓய்வு. அவரை நான் கூப்பிட்டுக் கண்டித்தேன்.

"ஏனுங்கக்கா, எல்லாரும் ஒரு கை வெக்கறாங்க. நீங்க மட்டும் ரெண்டு கை வெக்கறீங்க. அந்தச் சீனன் என்ன உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"ஆமா சார்" என்றார் அவர். கூடையை மாட்டிக்கொண்டு பறிக்கப் போய்விட்டார்.

அந்தப் பதிலில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மடியில் கிடந்த கொழுந்தைக் காலால் தள்ளிவிட்டேன். அவர் திரும்பி வந்து, குனிந்து, ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி மறுபடியும் அதே இடத்தில் வைத்தார். "ஒங்க செருப்புல ரெண்டு ஒட்டியிருக்கு சார்" என்றார். நான் காலைத் தூக்கிக் காட்ட, அந்த இரண்டையும் எடுத்து வைத்தார். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

இருமல் விஷயத்தையும் சொல்ல வேண்டும். தென்மேற்கு மழைக்காலத்தில் பதினொன்றாம் நம்பரில் பட்டப்பகலில் மூடுபனி இறங்கும். பக்கத்துச் செடி தெரியாது. பெண்கள் தலையில் மழைக்குப் போர்த்தும் கொங்காணிச் சாக்கும் இடுப்பில் சுற்றிய படங்குத் துணியுமாக, பேச்சுச் சத்தத்தை வைத்தே ஒருவரை ஒருவர் கண்டுகொள்வார்கள். அப்படிப்பட்ட நேரங்களில் மேலே மரங்களுக்குள் யாரோ இருமுவார்கள். வறண்ட இருமல், ஒன்று அல்லது இரண்டு. "அவருதான்" என்பார்கள் பெண்கள், பயமே இல்லாமல். கருமந்தியாக இருக்கும், காட்டுமாடாக இருக்கும் என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும், மரங்களுக்கு அடியில் தனியாக நின்று பீடி பற்றவைத்தபோது எனக்கு ஒரு முழத்தில் அது கேட்டது. பீடி குடித்துக் குடித்து நெஞ்சு கெட்ட ஒரு வயசாளி, மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போல. நான் பீடியைப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கேலி மட்டும் அன்றோடு நின்றது.

அந்த மழைக்காலத்தில்தான் புத்தகம் கிடைத்தது. ஊழியர் கிளப்பில், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஒரு அலமாரி உண்டு. பூச்சி தின்ற பூகோளப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் கை நின்றுவிட்டது. ஒரு மலைச்சரிவு முழுக்கச் சீனர் மடிகள். ஒன்றல்ல, இருநூறு இருக்கும். வளைந்த முதுகும் நீட்டிய கைகளுமாகக் கடலைப் பார்த்து வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. கீழே மாகாணத்தின் பெயர் போட்டிருந்தது.

பள்ளிக்கூட இங்கிலீஷையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு, அந்த அத்தியாயத்தை ஒரு மாதம் படித்தேன். உள்நாட்டுப் பக்கம் மேகம் இறங்காத நாளே இல்லாத பாறை மலைகள். அங்கேதான் இலையைக் கறுப்பாக்கிப் பைன் விறகுப் புகையில் காயவைத்துக் குடிக்கும் பழக்கம் வளர்ந்ததாம். ஒரு குலம் முழுவதும் சேர்ந்து வாழ மண்ணால் கட்டிய, கோட்டை போன்ற வட்ட வீடுகள். கரையில் துறைமுகங்கள். அவற்றில் ஒன்றில் பழைய காலத்தில் தமிழ் வியாபாரிகள் தங்கிச் சிவனுக்குக் கோயில் கட்டியிருந்தார்கள், செதுக்கிய கற்கள் இன்னும் கிடக்கின்றன என்று வெகுநாள் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். நம்மவர்கள் அங்கே போய்ச் செத்திருப்பார்கள், அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து செத்திருக்கிறார். அவர்களுடைய கல்லில் யாராவது ஒரு கை எதையாவது வைத்திருப்பார்களா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் புத்தகத்தில் என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. அந்த ஊர்க்காரர்களுக்குச் சாவு அவ்வளவு பெரிய பயமில்லையாம். கும்பிட ஆளில்லாத இடத்தில் சாவதுதான் பயமாம். வசந்த காலத்தில் குடும்பத்தோடு போய்க் கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்வார்கள். நாதியற்ற ஆவிகளுக்கென்று ஒரு மாதம் ஒதுக்கி, வாசலில் சோறு வைப்பார்கள். வெளியூரில் செத்தவரைச் சில வருடம் கழித்துத் தோண்டி, எலும்புகளைத் துடைத்து ஒரு ஜாடியில் அடுக்கி, சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவதும் உண்டு. எப்படியாவது ஊர் சேர்த்துவிட வேண்டும்.

இதைப் படித்துச் சில மாதம் கழித்து, பதினொன்றாம் நம்பரின் பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிய ரகம் நட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேல்முனையில் கல்லறையை எடுத்துவிட்டு அதன் வழியே மழைநீர் வாய்க்கால் வெட்ட வேண்டும். மேனேஜரைத் துரை என்பார்கள். அவர் திருவிதாங்கூர்ப் பக்கத்து மனிதர், அதட்டிப் பேசாதவர். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

மற்ற செடிகளைப் பிடுங்க ஆட்கள் வந்தார்கள். மடியைத் தொட ஒருவரும் வரவில்லை. இரண்டு நாள் கெஞ்சினேன், ஒரு நாள் கத்தினேன். மூன்றாம் நாள்தான் எனக்கு அந்த மகா யோசனை தோன்றியது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் எல்லாரையும் கூட்டி ஃபூஜியன் மாகாணத்தைப் பற்றிப் பேசினேன். மலை, கடல், கப்பல், மண் வீடு எல்லாம். பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வாழ்க்கையில் அப்படி நான் பேசியதில்லை. கடைசியில் எலும்பு ஜாடிக்கு வந்தேன்.

"அதனால பயப்படவே வேண்டாமுங்க. அந்த ஊர்க்காரங்க யாரையும் விட்டுட்டுப் போகமாட்டாங்க. எப்பவோ வந்து தோண்டி எடுத்துட்டுப் போயிருப்பாங்க. இது வெறுங் கல்லுங்க. உள்ளார ஆருமில்லீங்க."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "அப்பன்னா நல்லதுதான், மகராசன் ஊரு போய்ச் சேந்துட்டாரு" என்றாள் ஒருத்தி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து, இரண்டு கை வைக்கும் அக்கா எழுந்து நின்றார்.

"அப்பம் அவரு இங்க இல்லியா சார்? இத்தன வருசமா இல்லியா?"

"இல்லீங்கக்கா. நீங்க வெச்ச கொழுந்தெல்லாம் வீணுங்க" என்றேன், சிரித்துக்கொண்டே.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பதினைந்து வருடத்தில் அவர் லீவு போட்டதே இல்லை என்று மற்ற பெண்கள் சொன்னார்கள். அவருடைய லயத்துக்கு நானே போனேன். வரிசை வீடுகளில் கடைசி. புருஷன் செத்து நாளாகியிருந்தது; ஒரே மகளைத் தென்காசிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். என்னை உட்காரச் சொல்லிப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். பிறகு சொன்னார்.

மகளுக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. பேர் வைக்காத பிள்ளையைப் பெரியவர்களைப் புதைக்கும் இடத்தில் வைக்கிற வழக்கமில்லை, ஓடைக்கரையில்தான் வைப்பார்கள். அங்கே காட்டுப்பன்றி தோண்டும். அவருக்கு மனசு வரவில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், புருஷனும் அவருமாகப் பதினொன்றாம் நம்பருக்குத் தூக்கிப் போய், அந்தக் கல் மடிக்குள் வைத்து மூடிவிட்டு வந்தார்கள்.

"அவருக்கும் ஆளில்ல, பிள்ளைக்கும் ஆளில்ல. மடியில வச்சுக்கிடுவாருன்னு வச்சோம். நாங்க வேலைக்குப் போகையில பிள்ளைகள ஆயாகிட்ட விட்டுட்டுப் போறோம்லா, அப்படி. ஒரு கை அவருக்கு. இன்னொரு கை பிள்ளயப் பாத்துக்கிடுததுக்கு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அடுத்த வருசம் எனக்கு ரிட்டயர்டு. லயத்த விட்டு எறங்கணும், மக ஊருக்குப் போயிருவேன். பிள்ளய எடுத்துட்டா போக முடியும்? அவரு இருக்காரு, பாத்துக்கிடுவாருன்னு நெனச்சுதான் சார் மனசத் தேத்தி வச்சிருந்தேன். இப்பம் நீங்க ஆளே இல்லங்கீங்க. இருவத்தாறு வருசம் பிள்ள தனியாவா கெடந்தது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரன் அழுதால் பார்க்கச் சகிக்காது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவரே கேட்டார். "தோண்டிப் பாத்துச் சொல்லுங்க சார். புத்தகத்துல போட்டிருக்கது வேண்டாம். கண்ணால பாத்துச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் போனோம். மூடுபனி இறங்கியிருந்தது. பிள்ளையை வைத்த இடம் மடியின் வலது கல் கையின் ஓரம் என்று காட்டினார். அந்தப் பக்கம் மண்வெட்டி போகாமல் நான் நடுவில் தோண்டினேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தைப் பிடித்தபடி நின்றார். "நான் பாக்க மாட்டேன். நீங்க பாத்தாப் போதும்."

மண் இளகலாக இருந்தது. முன்பே ஒருமுறை தோண்டிய மண் அப்படித்தான் இருக்கும், விவசாயிக்குக் கை வைத்ததுமே தெரிந்துவிடும். மார்பளவு இறங்கியதும் கல் பதித்த ஒரு தொட்டி. மேலே பலகைக்கல் இரண்டு. ஒன்றை நெம்பித் தூக்கி, உள்ளே கையை விட்டுத் தடவினேன். மூலை மூலையாகத் தடவினேன். கவிழ்த்து வைத்த ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம் மட்டும் இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. யாரோ வந்து, ஒரு விரல் எலும்பைக்கூட விடாமல் எடுத்து, துடைத்து, ஊருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். புத்தகம் சொன்னது அத்தனையும் நிஜம். அந்த மனிதருக்காகச் சந்தோஷப்பட்டேன். அதே நிமிடம் வலது கை ஓரத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்பது நாள் பிள்ளை ஆளில்லாத வீட்டில் கிடந்தது.

"சார்?" என்றார் அக்கா, திரும்பாமல்.

"இருக்காருங்கக்கா" என்றேன்.

"நெசமாவா?"

"கண்ணால பாத்துட்டேனுங்க. முழுசா இருக்காருங்க. நான் படிச்சதுதான் தப்பு."

அவர் அந்த மரத்திலேயே நெற்றியை வைத்து அழுதார். "மூடிருங்க சார், மூடிருங்க, குளிரும்" என்றார். கிண்ணத்தை இருந்தபடியே கவிழ்த்து வைத்துவிட்டு மூடினேன்.

திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் எல்லார் முன்னாலும், "நான் சொன்னது தப்புங்க, சீனர் அங்கதான் இருக்காருங்க" என்றேன். "அதத்தான நாங்க சொன்னோம்" என்று பெண்கள் ஒரு வாரம் என்னை ஓட்டித் தள்ளினார்கள். துரையிடம் போய், மேல்முனையில் அடியில் பெரும்பாறை, வாய்க்கால் வெட்ட முடியாது, சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்றேன். சரிவின் உச்சிவரை ஏறி வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. வரைபடத்தில் அந்த இடத்தில் 'பாறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே புதிய ரகம் வந்தது. மேலே ஏழு மரமும் மடியும் நின்றன. முதல் கைக் கொழுந்து வைப்பதும் தொடர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நானும் வைத்தேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருமல் கேட்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்கவில்லை. தோண்டியதில் சீனருக்குக் கோபமோ என்று அக்கா மட்டும் ஒவ்வொரு நாளும் என்னிடம் வந்து விசாரித்தார். அப்படியானால் முன்னால் இருமியது யார்? காலிக் குழியை என் கையால் தடவியிருக்கிறேன். இருமலையும் என் காதால் கேட்டிருக்கிறேன். இரண்டில் ஒன்றைக்கூட என்னால் பொய் என்று தள்ள முடியவில்லை, இன்றுவரை.

மறு வருடம் ஆடி மாதம் அவர் இறங்கும் நாள் வந்தது. தட்டுமுட்டுச் சாமான்கள் லாரியில் ஏறிவிட்டன. லாரியைப் பதினொன்றாம் நம்பருக்குக் கீழே ரோட்டில் நிறுத்தச் சொல்லி, மேலே ஏறி இரண்டு கை கொழுந்து வைத்துவிட்டு வந்தார். வேலைக்குப் போகாமல் பத்துப் பெண்கள் கூட நின்றார்கள். பனி ரோட்டின் மேலேயே கிடந்தது.

"ஒரு தடவ அவரு சத்தத்தக் கேட்டுட்டுப் போனாத் தேவல சார்" என்றார். "கேக்காம எறங்க மனசு வரல."

எல்லாரும் மரங்களின் பக்கம் காதைக் கொடுத்தார்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மேலே வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, நான் பனிக்குள் ஏறினேன். மரங்களுக்கு நடுவே போய், அந்த மடியில், நீட்டிய இரண்டு கல் கைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். வலது ஓரத்து மண்ணில் கையை வைத்துக்கொண்டேன். வாயைப் பொத்தி, மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்பது போல, இருமினேன்.

கீழேயிருந்து அக்காவின் குரல், சந்தோஷமாக, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போல ஏறி வந்தது.

"மெள்ள இருமுங்க. பிள்ள முழிச்சிரப் போவுது."

லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. வளைவுகளில் அது இறங்கி இறங்கி அடங்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தத் தோட்டத்தில் இருந்த ஒவ்வொரு மழைக்காலத்திலும், பனி இறங்கினால், மேலே ஏறிப் போய் உட்கார்ந்து ஒரு தடவை மெதுவாக இருமிவிட்டு வருவேன்.